கல்லறையைப் பிளந்துகொண்டு வந்த புரூஸ் லீ: போலிப் படங்களின் கதை

சின்ன வயதில் வாடகை கேசட்டில் பார்த்த ஒரு புரூஸ் லீ படத்தில், கல்லறை மேல் மின்னல் விழுந்ததும் அவர் உள்ளேயிருந்து துள்ளி வெளியே வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு படத்தில் ஒரே நேரத்தில் மூன்று புரூஸ் லீ வந்தார்களாம். இப்போது அவருடைய படப் பட்டியலில் தேடினால் இரண்டுமே இல்லை, நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், இவை நிஜமாகவே புரூஸ் லீ படங்கள்தானா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். செத்துப்போன ஒரு நடிகரின் பெயரையும் ஜாடையையும் வைத்து இவ்வளவு பகிரங்கமாக எப்படிப் படம் எடுத்து விற்க முடிந்தது, யாரும் தட்டிக் கேட்கவில்லையா, அந்தக் குவியலில் பார்க்கத் தகுந்தது ஏதாவது தேறுமா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் எடிட்டிங் தொழிலில் இருப்பவன். ஒட்டுப் போட்ட படங்களில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எனக்குத் தொழில் வழியாக வந்த பழக்கம். அதனால்தான் இந்தப் படங்கள் மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சீன மொழி தெரியாது. பெரும்பாலானவற்றை ஆங்கில டப்பிங்கில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே நடிப்பு, வசனம் பற்றி நான் சொல்வதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை, ஷாட், வெட்டு பற்றிச் சொல்வதை முழு விலைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், நீங்கள் கனவு காணவில்லை. அந்த இரண்டு படங்களும் இருக்கின்றன. கல்லறைப் படம் 1976-ல் வந்தது. ஆங்கிலத்தில் 'புரூஸ் லீ ஃபைட்ஸ் பேக் ஃப்ரம் தி கிரேவ்' என்று பெயர். மூன்று புரூஸ் லீக்கள் வருவது 1980-ல் வந்த 'தி க்ளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ'. இந்த வகைப் படங்களை ஆங்கிலத்தில் 'புரூஸ்ப்ளாய்டேஷன்' என்கிறார்கள். புரூஸ் லீயின் மரணத்தைச் சுரண்டிப் பிழைத்த படங்கள் என்று அர்த்தம். மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு சொல்வார்கள். ஒரே படம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயரில் ஓடியிருக்கிறது. இரண்டு வேறு படங்கள் ஒரே பெயரில் ஓடியிருக்கின்றன. டைட்டில் கார்டில் இருக்கும் இயக்குநர் பெயரையே பல சமயம் நம்ப முடியாது. எனவே துல்லியமான எண்ணிக்கையோடு யாராவது வந்தால் சந்தேகப்படுங்கள்.

இவை எப்படி முளைத்தன என்பதற்கு ஒரு தேதியைச் சொன்னால் போதும். 1973 ஜூலை 20, புரூஸ் லீ ஹாங்காங்கில் இறந்த நாள். அவருக்கு வயது 32. 'என்டர் தி டிராகன்' அமெரிக்காவில் வெளியானது அடுத்த மாதம், ஆகஸ்டில். அதாவது மேற்கத்திய ரசிகர்களில் பெரும்பாலானவர்கள் அவர் மேல் காதல் கொண்டபோதே அவர் உயிரோடு இல்லை. ஆசியாவில் கதை கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1971-ல் 'தி பிக் பாஸ்' (டிவி நிகழ்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஹாங்காங் வசூல் சாதனையை உடைத்தது. 1972-ல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' அதை உடைத்தது. அதே வருடக் கடைசியில் அவரே எழுதி இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' அதையும் உடைத்தது. பெரியவர் ஆன பிறகு நாயகனாக அவர் முடித்துக் கொடுத்தவை இந்த மூன்றும் 'என்டர் தி டிராகன்' படமும் சேர்த்து நான்கே நான்கு. உலகம் முழுக்கத் தியேட்டர்காரர்கள் புரூஸ் லீ படம் கொடு, புரூஸ் லீ படம் கொடு என்று கையில் காசோடு நிற்கிறார்கள், சரக்கோ நான்குதான். இந்த நிலைமையில் ஹாங்காங், தைவான், கொரியா தயாரிப்பாளர்கள் சும்மா இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பித்தலாட்டத்தை ஆரம்பித்து வைத்தவர்கள் சின்னத் தயாரிப்பாளர்கள் என்று நினைக்கிறோம். அசல் படங்களை வைத்திருந்தவர்களே அதை முன்பே செய்துகாட்டிவிட்டார்கள். 'வே ஆஃப் தி டிராகன்' அமெரிக்காவில் 1974-ல் 'ரிட்டர்ன் ஆஃப் தி டிராகன்' என்ற பெயரில் வெளியானது, ஏதோ 'என்டர் தி டிராகன்' படத்தின் இரண்டாம் பாகம் மாதிரி. உண்மையில் அது அதற்கு முன் எடுத்த படம். 'தி பிக் பாஸ்' அங்கே 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃப்யூரி' ஆகிவிட்டது. நிஜமான 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' படத்துக்கு 'தி சைனீஸ் கனெக்‌ஷன்' என்று பெயர். இரண்டு படங்களுக்கும் வைத்த பெயர்கள் இடம் மாறிப்போனதால் நடந்த குளறுபடி இது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்தக் காரணம் எந்த அளவு உண்மையோ, பெயர்கள் அப்படி ஓடியது நிஜம். அறுபதுகளில் அவர் துணைப் பாத்திரமாக நடித்த 'தி கிரீன் ஹார்னெட்' டிவி தொடரின் சில அத்தியாயங்களை ஒட்டி 1974-ல் முழுநீளப் படமாகத் தியேட்டருக்கே அனுப்பினார்கள். அசலுக்கே இப்படி ஆளுக்கொரு பெயரும் ஒட்டுவேலையும் என்றால், போலிக்காரன் ஏன் கூச்சப்படப் போகிறான்?

இனி ஆட்கள். முக்கியமானவர்கள் நான்கு பேர். முதலாமவர் ஹோ சுங்-தாவ், தைவான்காரர். இவருக்கு 'புரூஸ் லி' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் எழுதினால் நெடில் குறிலாகிறது, ஆங்கிலத்தில் Lee என்பது Li ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாமவர் பர்மாவில் பிறந்த வோங் கின்-லுங். இவர் 'புரூஸ் லே'. மூன்றாமவர் கொரியாக்காரரான 'டிராகன் லீ'. நான்காமவர் 'புரூஸ் லியுங்'. கடைசியாகச் சொன்னவரை உங்களுக்கு நிச்சயம் தெரியும். 2004-ல் வந்த 'குங்ஃபூ ஹஸில்' படத்தில் பனியனும் ரப்பர் செருப்புமாக வந்து எல்லோரையும் புரட்டி எடுப்பாரே வழுக்கைத்தலை வில்லன், அவர்தான். இந்த வட்டத்துக்கு வெளியே இன்னும் ஒரு கூட்டமே உண்டு; புரூஸ் லாய், புரூஸ் தாய் என்று ஊர்ப்பெயரையெல்லாம்கூடச் சேர்த்துக்கொண்டார்கள்.

இவர்களைக் கோமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹோ சுங்-தாவ் உடற்பயிற்சியில் தேறியவர், ஸ்டண்ட் வேலை தெரிந்தவர். புரூஸ் லீயாக வேண்டும் என்று தான் ஆசைப்பட்டதில்லை என்றும் பெயர் தயாரிப்பாளர்கள் வைத்தது என்றும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தொழிலை விட்டு விலகிய பிறகு உடற்கல்வி ஆசிரியராக இருந்தார். அவருடைய சண்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் உதை சுத்தமாக இருக்கும், உடம்பு கச்சிதமாகத் திரும்பும். வேறு ஒரு பெயரில் வந்திருந்தால் நல்ல சண்டை நடிகர் என்ற பெயரோடு போயிருப்பார். வந்தது அந்தப் பெயரில் என்பதால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 'அவர் மாதிரி இல்லை' என்ற ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது. பாவம்.

புரூஸ் லே ஜாடையில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நெருக்கம். நடிப்பில் அசலின் மேனரிசங்களை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுபவர். கட்டைவிரலால் மூக்கைத் தேய்ப்பது, சட்டையைக் கழற்றுவது, கீச்சென்று கத்துவது எல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வரும். இவரைப் பற்றி ஒரு வேடிக்கை. 1982-ல் வந்த 'பீசஸ்' என்ற ஸ்பானிஷ் ரத்தக்களரிப் படத்தில், கதைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் நடு ராத்திரியில் குங்ஃபூ வாத்தியாராக வந்து நாயகியைத் தாக்கி, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான டிக் ராண்டலுக்கு 'க்ளோன்ஸ்' படத்திலும் பங்கு உண்டு. கையில் ஆள் இருக்கிறார், ஒரு காட்சியில் போட்டுவிடுவோம் என்ற கணக்கு.

இவ்வளவு வேகமாக இவ்வளவு படம் எப்படி எடுத்தார்கள்? அப்போதைய ஹாங்காங் வழக்கப்படி படப்பிடிப்பில் ஒலி பதிவதில்லை. எல்லாம் பின்னால் டப்பிங். ஒலி வேண்டாம் என்றால் வேலை பாதியாகிவிடும், விமானம் பறந்தாலும் கவலையில்லை. அதைவிட முக்கியம், வசனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு படத்தை வாங்கியவர் அதில் வரும் நாயகனை டப்பிங்கில் 'புரூஸ்' என்று கூப்பிட வைத்தால் முடிந்தது, அது புரூஸ் லீ படம். பின்னணி இசைக்கு அப்போது பிரபலமாக இருந்த ஹாலிவுட் படங்களின் இசைத்தட்டே போதும்; அனுமதி கேட்கும் பழக்கம் கிடையாது.

உங்கள் கல்லறைப் படம் இதற்குச் சரியான உதாரணம். அது லாஸ் ஏஞ்சலஸில் தன் சகோதரனின் சாவுக்குக் காரணம் தேடி அலையும் ஒரு கொரியனின் கதை. இயக்கியவர் லீ டூ-யோங் என்ற கொரியர். கதையில் புரூஸ் லீ என்ற ஆளே கிடையாது. படத்தை வாங்கி விற்றவர்கள் முன்னால் ஒரு துண்டை ஒட்டினார்கள்: புரூஸ் லீ பெயர் பொறித்த கல்லறை, மேலே மின்னல், ஒருவர் துள்ளி எழுகிறார், உடனே டைட்டில். அதற்கப்புறம் படம் முடியும்வரை கல்லறை பற்றியோ உயிர்த்தெழுந்தது பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. மறுபடி பார்த்தால் அந்தத் துண்டுக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே படச்சுருளின் நிறமும் துகளும் மாறுவதைக் கவனியுங்கள். உங்கள் நினைவில் இத்தனை வருடம் நின்றது அந்த ஒட்டுத்துண்டு மட்டும்தான். விற்றவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது!

மூன்று புரூஸ் லீ படம் இன்னும் துணிச்சல். புரூஸ் லீ ஆஸ்பத்திரியில் இறக்கிறார். ஒரு விஞ்ஞானி உடலிலிருந்து திசு எடுத்து மூன்று நகல்களை உருவாக்குகிறார். டிராகன் லீ, புரூஸ் லே, புரூஸ் லாய் மூவரும் அந்த நகல்கள். மூவருக்கும் ஒருவர் ஜாடை ஒருவருக்குக் கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் தங்கம் கடத்தும் சினிமாத் தயாரிப்பாளரைப் பிடிக்கப் போகிறார், மற்ற இருவரும் தாய்லாந்துக்குப் போய் வெண்கல உடம்பு மனிதர்களோடு மோதுகிறார்கள். அந்த வெண்கல மனிதர்கள் ஜட்டியோடு உடம்பெல்லாம் பெயிண்ட் பூசிக்கொண்டு வருபவர்கள். அடித்தால் டங் டங் என்று சத்தம் போடுவார்கள். விஞ்ஞானியாக வருபவர் ஜான் பென். 'வே ஆஃப் தி டிராகன்' படத்தில் ரோம் நகரத்து மாஃபியா தலைவராக வந்தவரேதான். 'என்டர் தி டிராகன்' புகழ் போலோ யுங்கும் இதில் இருக்கிறார். அசலோடு நடித்த முகங்களைக் கூப்பிட்டுப் போடுவது இந்த வகைப் படங்களின் வாடிக்கை. போஸ்டரில் 'அதே ஆள் இதிலும்' என்று நிஜமாகவே போட்டுக்கொள்ளலாம் அல்லவா.

கற்பனை வளத்தில் இதை அடித்துவிடுவது 1977-ல் வந்த 'தி டிராகன் லிவ்ஸ் அகெய்ன்'. இதில் புரூஸ் லீ எமலோகத்தில் கண் விழிக்கிறார். அங்கே டிராகுலா, ஜேம்ஸ் பாண்ட், காட்ஃபாதர், ஜப்பானியக் குருட்டு வாள்வீரன் சாட்டோய்ச்சி எல்லோரும் சேர்ந்து எமன் பதவியைக் கைப்பற்றச் சதி செய்கிறார்கள். புரூஸ் லீக்குத் துணை நிற்பவர்களில் ஒருவர் கீரை தின்னும் கார்ட்டூன் மாலுமி பாப்பை; அந்த வேடத்தில் வருபவர் பின்னாளில் ஹாங்காங்கின் பெரிய நடிகரான எரிக் சாங். நாயகன் புரூஸ் லியுங்குக்கு அசலின் சாயல் துளியும் கிடையாது. அதற்கும் வசனத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள்: செத்துப்போனால் முகம் மாறிவிடுமாம்! இதைவிட நேர்மையான பொய்யை நான் சினிமாவில் கேட்டதில்லை.

இன்னொரு கிளை உண்டு, அதுதான் எனக்குக் கசப்பானது. மரணத்தையே கதையாக்கியவை. புரூஸ் லீ இறந்தது நடிகை பெட்டி டிங் பேயின் வீட்டில். மூளை வீக்கம் என்பது பிரேதப் பரிசோதனையில் உறுதியானது. விசாரணையில் வந்த தீர்ப்பு விபத்து மரணம். அந்த வீக்கம் ஏன் வந்தது என்பதில்தான் இன்றுவரை கருத்து வேறுபாடு. தலைவலிக்குச் சாப்பிட்ட மாத்திரையின் ஒவ்வாமை என்பது அன்றைய விளக்கம். வெப்பத் தாக்குதல் என்று 2018-ல் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாறு வாதிட்டது. உடலில் நீர் மிகுந்து சோடியம் குறைந்ததே காரணமாயிருக்கலாம் என்று 2022-ல் சிறுநீரக மருத்துவர்கள் எழுதினார்கள். இவை ஊகங்கள். மாஃபியா கொன்றது, எதிரி குரு விஷ அடி அடித்தார் என்பவை வெறும் வதந்திகள், ஒரு ஆதாரமும் கிடையாது. ஆனால் படங்கள் வாழ்ந்தது வதந்தியில்தான். புரூஸ் லி நடித்த 'எக்ஸிட் தி டிராகன், என்டர் தி டைகர்' நண்பர் புரூஸ் லீயின் சாவுக்குப் பழிவாங்கும் கதை. ஷா பிரதர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. பெட்டி டிங் பேயையே பெட்டி டிங் பேயாக நடிக்க வைத்து 1976-ல் ஒரு படம் வெளியிட்டது; புரூஸ் லீயாக நடித்தவர் டேனி லீ. ஷா என்பது சின்னக் கம்பெனி இல்லை, அன்றைய ஹாங்காங் சினிமாவின் ராஜா.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இதோடு வந்துவிட்டேன். அசல் ஒரு பக்கம், போலி மறுபக்கம் என்று கோடு போட்டால் அது நேராக நிற்காது. போலிகளிலேயே எது மிக மோசம் என்று கேட்டால் நான் கைகாட்டுவது அதிகாரபூர்வமான படத்தை: புரூஸ் லீயின் ஹாங்காங் படங்களுக்குப் பின்னால் இருந்த கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனி 1978-ல் வெளியிட்ட 'கேம் ஆஃப் டெத்'. புரூஸ் லீ 1972-ல் அதற்காகச் சில சண்டைகளை எடுத்தார். மஞ்சள் உடையில் கருப்புக் கோடு, ஒவ்வொரு மாடியாக ஏறி எதிரிகளைச் சந்திப்பது, உச்சியில் 7 அடிக்கு மேல் உயரமான கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார். நடுவில் 'என்டர் தி டிராகன்' வாய்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார், திரும்ப வரவில்லை. அவர் எடுத்து வைத்ததில் ஒரு பகுதியை மட்டும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் போல, எடுத்துக்கொண்டு வேறொரு கதையை எழுதி, 'என்டர் தி டிராகன்' இயக்குநர் ராபர்ட் க்ளௌஸை வைத்து மீதியை எடுத்தார்கள். கதாநாயகன் பில்லி லோ ஒரு சினிமா நடிகன். தன் சாவைப் பொய்யாக ஜோடித்துவிட்டு வில்லன்களைப் பழிவாங்குகிறான். முகம் தெரியாதபடி தாடி, கருப்புக் கண்ணாடி, ஹெல்மெட். நெருங்கிய ஷாட்களில் கொரியரான கிம் தே-சுங். குட்டிக்கரணங்களுக்கு யுவன் பியாவ்.

ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பில்லி ஒப்பனை அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறான். பின்னாலிருந்து எடுத்த ஷாட். கண்ணாடியில் தெரியும் முகம் புரூஸ் லீ. உடம்பு லேசாக அசைகிறது, முகம் அசையவே இல்லை. கவனித்தால் கழுத்தும் தலையும் சேரவில்லை என்பது புரியும்: புரூஸ் லீயின் புகைப்படத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள்! கணினி இல்லாத காலத்தில் வேறு வழியில்லை என்று அதைச் சிரித்து விட்டுவிடலாம். ஆனால் பில்லியின் பொய்ச் சாவுக்கு இறுதி ஊர்வலம் வேண்டியிருந்தபோது, புரூஸ் லீயின் நிஜமான இறுதிச் சடங்கில் எடுத்த காட்சிகளை, சவப்பெட்டிக்குள் இருக்கும் அவர் முகம் உட்பட, எடுத்து ஒட்டினார்களே, அதை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. எமலோகத்தில் டிராகுலாவோடு சண்டை போட வைத்தவர்கள்கூடச் செய்யாத காரியம் அது. செய்தது அவரை வைத்துப் படம் எடுத்த அதே கம்பெனி.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இறந்தவரின் பெயர், உருவம் மீது வாரிசுகளுக்கு உரிமை என்பது அப்போது பல இடங்களில் தெளிவாக எழுதப்படாத விஷயம். அவர் பிறந்த கலிபோர்னியாவிலேயே அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 1985-ல், இந்த அலை ஓய்ந்த பிறகு. நடிகருக்குச் சொந்தப் பெயர்போல ஒரு பெயர் இருக்கிறது, போஸ்டரில் யார் படத்தை வரைந்தார் என்று ஓவியரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற தோரணையில் தப்பித்தார்கள். இப்போது நிலைமை வேறு. மகள் ஷானன் லீயின் நிறுவனம், புரூஸ் லீ ஜாடையில் முத்திரை வைத்திருந்த ஒரு சீன உணவகத் தொடர் மீது 2019-ல் வழக்குப் போட்டது.

அந்த அலையை ஓய வைத்தது சட்டமில்லை, சிரிப்பு. இந்தக் கதையில் நான் மிகவும் ரசிக்கும் ஆள் இங் சீ-யுவன். 1976-ல் புரூஸ் லியை வைத்து 'புரூஸ் லீ: தி மேன், தி மித்' என்ற வாழ்க்கைப் படத்தை இயக்கியவர். இன்னொரு பக்கம் 'தி பிக் பாஸ்', 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' இரண்டையும் இயக்கிய லோ வெய், தன் கையில் இருந்த ஒரு ஸ்டண்ட் பையனை அடுத்த புரூஸ் லீ ஆக்கத் தலைகீழாக நின்றார். 1976-ல் 'நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' எடுத்தார், எடுபடவில்லை. அந்தப் பையன் ஜாக்கி சான். 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' கிளைமாக்ஸில் உதை வாங்கி அறையை உடைத்துக்கொண்டு பறந்து போய் விழும் வில்லனுக்கு டூப் போட்டவர், 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீ கையில் கழுத்து முறிபடுபவர். லோ வெய்யிடமிருந்து அவரை இரண்டு படங்களுக்குக் கடன் வாங்கினார் இங் சீ-யுவன். யுவன் வூ-பிங் இயக்க, 1978-ல் 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'ட்ரங்கன் மாஸ்டர்' இரண்டும் வந்தன. புரூஸ் லீ செய்ததற்கெல்லாம் நேர் எதிராகச் செய்வது ஜாக்கியின் கணக்கு. அவர் அடித்தால் எதிரி விழுவான், இவர் அடித்தால் இவருக்கே கை வலிக்கும். அவர் வெல்ல முடியாதவர், இவர் பிழைத்தால் போதும் என்று ஓடுபவர். ஜனங்கள் அள்ளிக்கொண்டார்கள். அதே வருடம் சாமோ ஹங் 'என்டர் தி ஃபேட் டிராகன்' எடுத்தார். கிராமத்திலிருந்து வரும் குண்டான புரூஸ் லீ ரசிகன், சினிமா செட்டில் புரூஸ் லீ மாதிரி பந்தா காட்டும் ஒரு நடிகனைப் பார்த்துக் கடுப்பாகி அடி பின்னிவிடுவான். சாமோ 'என்டர் தி டிராகன்' முதல் சண்டையில் புரூஸ் லீயோடு மோதியவர் என்பது தெரிந்து பார்த்தால் அந்த அடிக்கு இன்னும் கொஞ்சம் காரம் கூடும். இந்த மூன்று படங்களுக்குப் பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டு முறைக்கும் நாயகர்கள் மெல்ல மெல்லக் காலாவதியானார்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு என் தொழில் சார்ந்து ஒரு குறிப்பு. கத்தலையும் நஞ்சாக்கு (சங்கிலியால் இணைத்த இரட்டைக் கட்டை) சுழற்றலையும் பார்க்காதீர்கள், அவற்றை யாரும் பழகிவிடலாம். அசல் ஆள் எப்போது அசையாமல் நிற்கிறார் என்று பாருங்கள். 'வே ஆஃப் தி டிராகன்' படத்தில் கொலோசியத்துக்குள் சக் நாரிஸோடு நடக்கும் சண்டை, சண்டைக்கு முன்னால் இருவரும் சாவகாசமாக உடம்பைத் தளர்த்திக்கொள்வதில் தொடங்குகிறது. ஒரு பூனைக்குட்டி வேடிக்கை பார்க்கிறது. முதலில் அவர் அடிவாங்குகிறார், பிறகு கால்வைப்பை மாற்றுகிறார், துள்ளத் தொடங்குகிறார். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் எதிரி என்ன யோசிக்கிறான் என்று நமக்குத் தெரியும். எடிட்டருக்கு அங்கே வெட்டவே மனசு வராது. போலிகளில் இந்த இடைவெளி கிடையாது. அசையாமல் நின்றால் தான் அவர் இல்லை என்பது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், நாயகன் ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருப்பான்.

சரி, எதைப் பார்க்கலாம்? 'தி மேன், தி மித்' படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். வாழ்க்கை வரலாறாக அதை நம்பாதீர்கள். அவர் சாகவில்லை, எங்கேயோ மறைந்திருக்கிறார், 1983-ல் திரும்பி வருவார் என்கிற வரைக்கும் போகும். ஆனால் சண்டைகள் நன்றாக இருக்கும், ஹோ சுங்-தாவ் என்ன செய்யக்கூடியவர் என்பதும் தெரியும். எமலோகப் படத்தை நாலு நண்பர்களோடு பாருங்கள், தனியாகப் பார்த்தால் பாதியில் அலுத்துவிடும். 'என்டர் தி ஃபேட் டிராகன்' உண்மையாகவே நல்ல படம். 'கேம் ஆஃப் டெத்' பற்றி என் யோசனை: 1978 படத்தை விட்டுவிடுங்கள். புரூஸ் லீ எடுத்து வைத்த மாடிச் சண்டைகளை அவருடைய குறிப்புகளை ஒட்டித் தொகுத்து 2000-ல் ஜான் லிட்டில் ஒரு ஆவணப்படத்தில் சேர்த்தார், 'எ வாரியர்ஸ் ஜர்னி' என்று பெயர். அதைத் தேடிப் பாருங்கள். இந்தப் போலி நடிகர்களையே நேரில் தேடிப்போய்ப் பேசவைத்த 'என்டர் தி க்ளோன்ஸ் ஆஃப் புரூஸ்' என்ற ஆவணப்படம் 2023-ல் வந்தது. நான் சொன்னதில் ஆட்களைப் பற்றிய பகுதி உங்களுக்குப் பிடித்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். யூடியூபில் தேடும்போது தலைப்பை நம்ப வேண்டாம், நாயகன் பெயரையும் வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். 'தி ரியல் புரூஸ் லீ' என்று ஒன்று அடிக்கடி மேலே வரும். அதில் அவர் சிறுவனாக நடித்த பழைய ஹாங்காங் படங்களின் துண்டுகள் கொஞ்ச நேரம் ஓடும், அதுமட்டும் அசல். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம், மிச்சம் பெரும்பாலும் டிராகன் லீ.